வடாமும் மல்லிகையும் சுங்குடியும்

கேள்வி: பங்குனி பிறந்துவிட்டது. வடாம் பிழிய வேண்டும். மல்லிகைச் செடிகளைக் கவனிக்க வேண்டும். ஆசையோடு தொடங்கிய சுங்குடி முடிச்சும் பாதியில் கிடக்கிறது. மூன்றையும் ஒருத்தி எப்படிச் சமாளிப்பது?
— ஒரு வாசகி, பழங்காநத்தம்

பதில்: சகோதரி, உங்கள் கிருஹ நிர்வாகத்தைச் சூரிய பகவானிடம் ஒப்படைத்துவிடுங்கள், மதுரையில் அவரைக் காட்டிலும் கண்டிப்பான மேஸ்திரி கிடைக்கமாட்டார். விடியுமுன் மொட்டுப் பறித்து, வேரடியில் நீர் வார்த்து, வெயில் ஏறுவதற்குள் கூழ் கிளறி மாடியில் விரித்த ஈர வேட்டியில் பிழிந்துவிட்டீர்களானால், மிச்ச வேலையை அவரே பார்த்துக்கொள்வார்; பாதி காய்ந்த வடாத்தையே கூலியாகப் பெற்றுக் காக்கை விரட்டப் பிள்ளைகளும் போட்டியிட்டு வருவார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மல்லிகைக்குக் கவாத்துக் காலம் நவம்பர்க் கடைசி. ஆகையால் இப்போது கத்தரிக்கோலைத் தொடவேண்டாம், பூக்க விடுங்கள்.

உச்சிப்பொழுது முழுவதும் சுங்குடிக்கே. நாலாக மடித்த துணியில் குறித்த புள்ளியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இறுகச் சுற்றி முடிந்தால், அவ்விடத்தில் சாயம் ஏறாமல் வெண்புள்ளி நிற்கும். சௌராஷ்டிர சமூகப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டு வேலைகளின் இடைவேளையில் முடிந்து வளர்த்த அற்புதக் கலை இது. கூழைப்போல அவசரப்படுத்தாது, பாதியில் வைத்தாலும் கோபிக்காது. சித்திரைத் திருவிழாவுக்கு விருந்தினர் வந்து நிறைந்தால், துணியைத் தயங்காமல் மடித்து வையுங்கள். எதிர்சேவைக்குப் புதுச் சுங்குடி கட்டவேண்டும் என்றால், அழகர் அடுத்த ஆண்டும் வருகிறார்.