மாலை படத்துக்கு, டிசி பையனுக்கு

டிசம்பர் 22 வந்தால் நம் பள்ளிக்கூடங்களுக்குப் பக்தி முற்றிவிடும். ராமானுஜன் படத்தைத் தூசி தட்டி, சாமந்தி மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுத் தாளாளர் மைக்கைப் பிடிப்பார். கல்லூரித் தேர்வில் தோற்றவர் உலகமே வியக்கும் கணித மேதையானார், ஆகவே மாணவச் செல்வங்களே, தோல்வியைக் கண்டு துவளாதீர்கள் என்பார். துணைக்கு ஐன்ஸ்டீனையும் இழுத்து வருவார். அவர் கணக்கில் ஃபெயிலாம்.

அந்தப் புளுகை முதலில் தீர்த்துவிடுவோம். ஐன்ஸ்டீன் கணக்கில் தோற்றவரே இல்லை. பதினைந்து வயதுக்குள் கால்குலஸ் கற்றவர். 1895இல் சூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் கணக்கும் இயற்பியலும் பிரமாதமாக எழுதி, மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். அந்தப் பாவிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆராவ் என்ற ஊரில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வா என்றார்கள். அடுத்த ஆண்டே சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியை மட்டும் எந்தத் தாளாளரும் மைக்கில் சொல்வதில்லை.

ராமானுஜன் தோற்றது நிஜம். 1904இல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர எதையும் சீந்தாததால் அந்தத் தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் பாடம் காலை வாரியது. எஃப்.ஏ. தேர்வில் கடைசிவரை தேறவில்லை. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை பார்த்தபடி, 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஆக, நம் தேர்வுமுறை துரத்திவிட்ட ஆளைச் சீமையில் ஒருவர் கண்டெடுத்தார். அந்தத் தேர்வுமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று மாலையும் கையுமாக நிற்கிறார்கள். வெட்கம் என்பது பாடத்திட்டத்தில் இல்லை போலிருக்கிறது.

அதே கூட்டத்தில் வெயிலில் ஒருவன் நிற்கிறான். வினாவை வாசித்துக் காட்டினால் சரியாகப் பதில் சொல்வான். தாளைக் கையில் கொடுத்தால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வான். ஓர் எழுத்துக்கு வைக்க வேண்டிய கொம்பு அடுத்த எழுத்துக்குப் போய்விடும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது நடுவில் ஒரு வரி காணாமல் போகும். மருத்துவம் இதை டிஸ்லெக்சியா என்கிறது. அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்கிறது. ஸ்டாஃப் ரூம் இதைத் திமிர் என்கிறது. தண்டனையும் தயார்: தப்பாக எழுதிய சொல்லை ஐம்பது தடவை எழுதி வா. கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளையை, அதே பக்கத்தை ஐம்பது தடவை உற்றுப் பார் என்பதுபோல.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சட்டத்தை மதிக்கிறவர்கள்தானே நம் ஆட்கள்! பொறுமையாக ஒன்பதாம் வகுப்புவரை காத்திருக்கிறார்கள். பிறகு பெற்றோருக்கு அழைப்பு வரும். "உங்க பையன் நல்ல பையன்தான் சார். ஆனா டென்த்ல கஷ்டப்படுவான். அவனுக்கு ஏத்த இடமா பாத்துச் சேர்த்துடுங்க." மேஜைமேல் வெள்ளைத்தாளும் பேனாவும் தயாராக இருக்கும். அப்பா எழுதிக் கொடுத்தாக வேண்டும். டிசியில் காரணம்: பெற்றோர் வேண்டுகோள். நடத்தை: நன்று. ஜூன் மாதம் வாசலில் ஃப்ளெக்ஸ் தொங்கும்: நூறு சதவீதத் தேர்ச்சி. தோற்கக்கூடியவர்களையெல்லாம் முன்கூட்டியே வடிகட்டிவிட்டு நூறு வாங்க ஆசிரியர் எதற்கு, ஒரு சல்லடை போதாதா?

விரலால் மணலில் எழுத்தை வரைந்துகொண்டே வாய்விட்டுச் சொல்வது, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்காகச் சிறப்பாசிரியர்கள் இன்று கையாளும் பயிற்சிகளில் ஒன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எழுதப் பழகிய விதமே அதுதான். மணலைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்மார்ட் போர்டு மாட்டினோம். இப்போது அதே மணலைத் தட்டில் பரப்பி, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். கட்ட முடிந்தவன் கட்டுகிறான். முடியாதவன் பிள்ளை மெக்கானிக் ஷெட்டுக்குப் போகிறான்.

எனக்கு எரிச்சல் மூட்டுகிற இன்னொரு கூட்டமும் உண்டு. "கவலைப்படாதீங்கம்மா, ஐன்ஸ்டீன்கூட இப்படித்தான்" என்று ஆறுதல் சொல்கிற கூட்டம். ஐன்ஸ்டீனுக்கு டிஸ்லெக்சியா இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. இருந்தாலும்தான் என்ன? இந்தப் பையன் நாளைக்கு நோபல் வாங்கப்போவதில்லை என்றால் இன்று அவனுக்கு பெஞ்சில் இடம் கிடையாதா? முதல் பெஞ்சில் இருக்கிறவன் சுமாராகப் படித்து, சுமாரான வேலைக்குப் போய், சுமாராக வாழலாம். இவன் மட்டும் மேதையாகித் தொலைக்க வேண்டுமா?

மேதைகளின் கதை எதுவும் வேண்டாம், சட்டமே போதும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டையும் சேர்த்தே எழுதப்பட்டது. அதைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிப்பது பள்ளியின் கடமை என்கிறது 16ஆம் பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைச் சொல்கிறது 17ஆம் பிரிவு. இவை சலுகைகள் அல்ல. பெற்றோரே, அடுத்த முறை அந்த வெள்ளைத்தாளை உங்கள் பக்கம் தள்ளினால் ஒரு வரிகூட எழுதாதீர்கள். பேனாவை அவர்கள் பக்கமே தள்ளி, ஏன் வெளியே அனுப்புகிறீர்கள் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள்.