என்ன வேண்டுதல் தம்பி?

சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கென்றே ஆண்டவன் ஒதுக்கி வைத்த இடம் காவிரி டெல்டா. மலை கிடையாது. மேடு என்றால் வாய்க்கால் பாலம்தான். நாலு மிதியில் ஏறி, மிதிக்காமலே இறங்கிவிடலாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரியும் தண்ணீர், அப்புறம் கிளை விட்டுக் கிளை விட்டுக் கடைசியில் எது ஆறு, எது வாய்க்கால் என்று நீர்வளத்துறைக்கு மட்டும் தெரிகிற நிலைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை. ஒரு கரையில் பஸ் போகும். பஸ் போகாத கரை நமக்கு.

கல்லணையில் புறப்பட்டு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கோவிலடி, பிறகு திருவையாறு, கும்பகோணம், குத்தாலம், மயிலாடுதுறை, முடிவில் ஆறு கடலைத் தொடும் பூம்புகார். நூற்று இருபது, முப்பது கிலோமீட்டர் வரும். இருபுறமும் நாணல், வாழை, மூங்கில், படித்துறை. இந்தப் பாதையில் எல்லாமே கிடைக்கும், அமைதி ஒன்றைத் தவிர.

காரணம் சத்தம் இல்லை, கேள்வி. டெல்டாவில் சைக்கிள் என்பது வேலை செய்கிற வண்டி. புல்லுக்கட்டு, பால் கேன், உர மூட்டை, மண்வெட்டி, முன்பாரில் ஒரு பேரன், இவற்றில் ஏதாவது ஒன்று அதில் இருந்தாக வேண்டும். எதுவும் இல்லாமல் ஒருத்தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கேரியருக்கு இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டுக்கொண்டு, வெயிலில் வியர்க்க வியர்க்க வந்தால் ஊருக்கு ஒரு விளக்கம் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் பையைத்தான் பார்ப்பார்கள். கோவிலடிக்கு இப்பால் ஒரு திண்ணையிலிருந்து, “ஏந் தம்பி, நைட்டி வச்சிருக்கீங்களா?” என்று ஓர் அம்மா நிறுத்தினார். இல்லை என்றேன். “பாய்?” அதுவும் இல்லை என்றதும், “அப்ப என்னதான் விக்கிறீங்க?” என்றார். நியாயமான கேள்வி.

அடுத்தது கட்சி. எந்தக் கட்சி, எந்தக் கோரிக்கை, சென்னைக்குப் போறீங்களா, டெல்லிக்கா. அதற்கு அடுத்தது வேண்டுதல். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்தும் சைக்கிளிலும் போகிற கூட்டத்தைப் பார்த்துப் பழகிய ஊர்கள் இவை. அதனால் “என்ன வேண்டுதல் தம்பி?” என்று கேட்பதில் தப்பே இல்லை. பெரியவர் ஒருவர் அக்கறையோடு, “வேளாங்கண்ணிக்கு இப்படிப் போகக் கூடாதே, தஞ்சாவூர் போயில்ல திரும்பணும்” என்று வழியும் சொன்னார். நான் வேளாங்கண்ணி போகவில்லை, சும்மா சுற்றிப் பார்க்க வந்தேன் என்றதும், வேலையில்லாத மாப்பிள்ளையைப் பார்க்கும் மாமனார் போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

சைக்கிளில் உலகத்தையே முதன்முதலில் சுற்றியவர் என்று பெயர் வாங்கிய தாமஸ் ஸ்டீவன்ஸ், 1886-ல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை மிதித்திருக்கிறார். முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் தட்டளவு. அந்தக் காலத்து வண்டி. அந்த மனுஷன் தஞ்சாவூர் ஜில்லாப் பக்கம் வராமல் வடக்கே போனது புத்திசாலித்தனம். வந்திருந்தால் மூணாவது டீக்கடையிலேயே பயணத்தின் நோக்கத்தை விளக்கி விளக்கி ஓய்ந்து ஊர் திரும்பியிருப்பார்.

இந்தச் சிக்கலுக்கு நான் கண்டுபிடித்த ஒரே தீர்வு மருத்துவம். “டாக்டர் சொன்னார்” என்று இரண்டே வார்த்தை. யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கேட்பதில்லையே தவிர, சொல்வார்கள். திருவையாற்றுக்கு முந்தின ஒரு டீக்கடையில் இதைச் சொன்ன மறுநிமிடம், பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எனக்குச் சர்க்கரை வியாதி என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டைப் பொடி என்று மூன்று வைத்தியம் வந்தது. நாலாவது ஆள் மூன்றையும் மறுத்து வெந்தயம் என்றார். கடைக்காரர் என்னைக் கேட்காமலே டீயில் சர்க்கரை போடாமல் ஆற்றிக் கொடுத்தார். குடித்தேன். வேறு வழி?

அதோடு விட்டார்களா? திருவையாறு என்றால் தியாகராஜர் சமாதி, ஐயாறப்பர், அப்புறம் அசோகா. பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டி, சுடச்சுட இலையில் வைத்துக் கொடுக்கிற வஸ்து. இலையிலிருந்து எடுப்பதற்குள் நழுவி விரலிடுக்கில் இறங்கும். நூறு கிராம் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தால், பக்கத்தில் டிவிஎஸ் 50-ஐ நிறுத்திக்கொண்டிருந்தவர் அந்த நாவல் கொட்டைக்காரர். “அவருக்குக் கொடுக்காதீங்க, சுகரு” என்று கடைக்காரரிடம் சொன்னார். ஊர் பேர் தெரியாத ஒருத்தன் மேல் அவ்வளவு அன்பு. எனக்குக் காராபூந்தி கிடைத்தது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் சைக்கிளில் இருபத்தோரு கியர். சமதரையில் அதில் இரண்டுதான் உதவும். மீதிப் பத்தொன்பதும் கிளிக் கிளிக் என்று சத்தம் கொடுக்கத்தான். கரைச் சாலை ஒன்றில் நான் கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, ஐம்பது வயது அக்கா ஒருவர் பெல் கூட அடிக்காமல் என்னைத் தாண்டிப் போனார். சொசைட்டி வாசலில் அவரைப் பிடித்தேன். பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். “நாங்கள்லாம் அறிவொளியில கத்துக்கிட்டது தம்பி” என்றார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்து ஆயிரக்கணக்கான பெண்களை ரோட்டுக்குக் கொண்டுவந்ததே, அந்தப் பள்ளிக்கூடம். அப்படிப்பட்டவரிடம் தோற்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. அவருக்குப் பின்னால், அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிளில், கேரியரில் ஒரு தோழியை வைத்துக்கொண்டு, ஹேண்டில் பாரைப் பிடிக்காமல் ரிப்பன் கட்டியபடி போன பிளஸ் ஒன் பெண்ணிடம் தோற்றதை மட்டும் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

எந்த மாசம் போகலாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆடியில் மேலக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். கிழக்கே போகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஊருக்கு ஊர் மாரியம்மன், மாரியம்மனுக்கு நாலு குழாய் ஸ்பீக்கர். ஓர் ஊரின் பாட்டு முடிவதற்குள் அடுத்த ஊரின் பாட்டு தொடங்கிவிடும். நடுவில் ஒரு வயல் அளவுக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று, மழை, சாலை எது வாய்க்கால் எது என்கிற ஆராய்ச்சி. தை, மாசியில் அறுவடை மிஷின் முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு எதிரே வரும். நாம்தான் வரப்பில் இறங்கி மரியாதை செய்ய வேண்டும்.

பங்குனியில் சாலை முழுக்க உளுந்துச் செடி. சம்பா அறுத்த தாளடியில் விதைத்ததைப் பிடுங்கிக்கொண்டுவந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி இறங்கி நெற்று உடைத்துக் கொடுக்கும். சைக்கிளுக்கு அது சறுக்கும், செயினில் சுற்றும். ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே புளியமர நிழலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பாட்டிக்குக் கோபம். “ஏய்யா ஒதுங்கிப் போற? மேல ஏறிப் போ!” ஏறினேன். பின்னாலேயே வந்து குனிந்து, நான் மிதித்த இடத்தைக் கையால் துழாவிப் பார்த்தார். ஒரு நெற்றுகூட உடையவில்லை. “உன் கனம் பத்தாது. நீ போ, பஸ்ஸு வரட்டும்” என்றார். எடை அதிகம் என்று வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிற எனக்கு, அந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ஆடுதுறைக்கு அருகே கருவேலமுள். பஞ்சர் கடை என்று தனியாக இல்லை. ஒரு வீட்டு வாசலில் டயர் தொங்கியது. டயரைக் கழற்றி ட்யூபை உருவியவர், காற்றடிக்கும் மூக்கைப் பார்த்துத் திகைத்தார். “இதுல வால் ட்யூப் எங்க?” இல்லை என்றேன். நுனித் திருகைத் தளர்த்திக் காற்றடிக்க வேண்டும் என்று காட்டினேன். ஒரு தடவை திருகிப் பார்த்தார், அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த ட்யூப் அவருடையது. பிளாஸ்டிக் பேசின் தண்ணீரில் ட்யூபை விரல் விரலாக அமுக்கிக்கொண்டே போய், குமிழி வந்த இடத்தில் ஈர்க்குச்சியைச் செருகி அடையாளம் வைத்தார். துடைத்து, அரத்தால் நாலு இழுப்பு, விரல் நுனியால் சொல்யூஷன், உஃப் என்று ஊதல், ஒட்டு, மேலே சுத்தியலால் செல்லமாக இரண்டு தட்டு. கூலி கேட்டதற்குச் சொன்ன தொகை, நகரத்தில் இதே ட்யூபைத் தொட்டுப் பார்க்கக்கூடப் போதாது. “இவ்ளோ விலை கொடுத்து வாங்கினீங்களே, ஸ்டாண்டு தரலியா?” என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன்.

ஆடியில் போனபோது, பூம்புகார் வந்ததும் கடலைப் பார்த்தேன். அது தன் பாட்டுக்கு இருந்தது. பிரச்சினை திரும்புவதில்தான். முதுகைத் தள்ளிவிட்ட அதே காற்று இப்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது. மீன் பெட்டி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய குட்டியானை ஒன்றில் சைக்கிளை ஏற்றினேன். டிரைவர் நல்ல மனிதர். பேச்சுப் பிரியர். வழியில் டீக்கு நிறுத்தின இடத்திலெல்லாம், யார் இவர் என்று கேட்டவர்களுக்கு என் சார்பில் அவரே பதில் சொன்னார். முதல் கடையில் நான் காவிரித் தண்ணீருக்காகப் போராடுகிறவன். அடுத்ததில் கன்னியாகுமரியிலிருந்து வருகிறவன். மயிலாடுதுறைக்கு வந்தபோது உலக சமாதானத்துக்காக இந்தியாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர் மனம் இளகிப் பத்து ரூபாயை என் கையில் திணித்தார். வேண்டாம் என்று மறுத்தேன், விடவில்லை. வாங்கிப் பையில் வைத்தேன்.

“ரசீது?” என்றார்.