சிப்பிப்பாறை வீட்டில் பூனை: ஓர் ஆய்வுச் சுருக்கம்

சிப்பிப்பாறை நாய் வளர்க்கும் வீட்டில் ஒரு பூனை உயிரோடு, அதுவும் நிம்மதியாக, வாழ இயலுமா என்பதே இவ்வாய்வின் சிக்கல். கரிசல் காட்டுப் பக்கம் இதைக் கேட்டால் டீக்கடை பெஞ்சிலேயே விடை கிடைத்துவிடும்: "அது எப்பிடிய்யா இருக்கும்?" ஆயினும் ஒரு வரியில் முடியும் விஷயத்தை இயல் பிரித்து விரிப்பது ஆய்வாளரின் கடமை என்பதால் இக்கட்டுரை எழுந்தது.

முன்னோர் கருத்தை முதலில் காண்போம். இளமைப் பெயர்களைச் சொல்லும் தொல்காப்பிய மரபியல், நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிகளையும் குருளை என்று ஒரு நூற்பாவில் அடைக்கிறது. வெருகு எனும் பூனை, எலி, அணில், கீரி ஆகியவற்றுக்கு வேறொரு நூற்பா. துரத்துவதையும் துரத்தப்படுவதையும் ஒரே அறையில் தயங்காமல் பூட்டிய ஆசிரியர், நாயையும் பூனையையும் மட்டும் தனித்தனி அறையில் வைத்திருக்கிறார். ஆகவே இச்சிக்கலின் தொன்மை தெள்ளிதின் புலனாகிறது. உரையாசிரியர்கள் ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்.

இது நிற்க. நாயின் வேட்டை என்பது படிப்படியாக நடக்கும் காரியம்: பார்த்தல், பதுங்கல், துரத்தல், கவ்வல், கொல்லல். மனிதன் தன் தேவைக்கேற்ப இதில் வெட்டியும் ஒட்டியும் வேலை பார்த்திருக்கிறான். ஆடு மடக்கும் பார்டர் கோலி பெரும்பாலும் துரத்துவதோடு நின்றுவிடும். சுட்டு விழுந்த வாத்தை எடுத்துவரப் பழக்கிய லாப்ரடார் கவ்வும், ஆனால் பல் பதியாது. எலி கொல்ல வளர்த்த டெரியர் கடைசிப் படி வரை போய்த்தான் திரும்பும். சிப்பிப்பாறையும் அதன் சொந்தக்கார இனமான கன்னியும் கண்ணால் வேட்டையாடுபவை. தூரத்தில் ஏதோ அசைந்தால் போதும், முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டத்தின் நகல் இன்னும் நாய்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஓடுகிற பூனை, பின்னாலிருந்து பார்த்தால், முயல்தான். இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

களப்பணி கோவில்பட்டிப் பக்கம் ஓர் உறவினர் வீட்டில் நிகழ்ந்தது. கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் நாய் படுத்திருந்தது. ஒட்டிய வயிறு, பக்கவாட்டில் எண்ணிவிடக்கூடிய விலா. அடுப்படியிலிருந்து சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்து, நாயின் மூக்குக்கு ஒரு முழத் தொலைவில் உட்கார்ந்து, முன்னங்காலை நக்க ஆரம்பித்தது. நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஆய்வாளர் குறிப்பேட்டில் 'கருதுகோள் பொய்த்தது' என்று எழுதிக்கொண்டிருக்கையில், மதில் மேலிருந்து பக்கத்து வீட்டு வெள்ளைப் பூனை குதித்து ஓடியது. கட்டில் ஒரு சாண் நகர்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அதன் அடியில் நாய் இல்லை என்பது தெரிந்தது. சாம்பல் பூனை நக்குவதை நிறுத்தவில்லை.

தகவலாளியான மருமகனிடம் விளக்கம் கோரப்பட்டது. "இது நம்ம வீட்டுப் பூனை மாமா. மத்ததெல்லாம் முயலு," என்றான். முந்நூறு பக்கத்தில் சொல்ல வேண்டியதை இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவர்களால்தான் ஆய்வுத்துறை வளராமல் கிடக்கிறது.

மேலும் துருவியதில், பூனைதான் வீட்டுக்கு முதலில் வந்தது என்பதும், பால்குடி மறந்த பருவத்தில் பின்னால் வந்த நாய்க்குட்டி முதல் வாரமே மூக்கில் கீறல் வாங்கியது என்பதும் தெரியவந்தன. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: பூனை ஆறு மாதத்துக்குள், நாய் ஒரு வயதுக்குள் அறிமுகமானால் நல்லது, பூனை முந்தி வந்த வீடு இன்னும் நல்லது. வாலை ஆட்டினால் நாய்க்குப் பெரும்பாலும் குஷி, பூனைக்கு எரிச்சல். இப்படி ஒன்றுக்கொன்று தலைகீழான சைகைகளைக்கூடச் சிறு வயதிலேயே சேர்ந்து வளர்ந்தவை சரியாகப் படித்துக்கொண்டன என்கிறது அந்த ஆய்வு. கூட்டுக் குடும்பத்தில் இந்த அளவுக்குப் புரிதல் இருந்தால் சொத்து வழக்குகள் பாதியாகக் குறையும்.

இனத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் நாய் விற்கிறவர் சொல்லும் அளவுக்கு இல்லை. சயன்ஸ் இதழில் 2022இல் வந்த ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் விவரம் வாங்கிப் பார்த்தது. நாய்க்கு நாய் நடத்தை மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 விழுக்காடுதான் என்றது. 'லாப்ரடார் சார், பூனைய ஒண்ணும் பண்ணாது' என்ற உத்தரவாதத்தை அந்த 9 விழுக்காட்டுக்குள் வைத்து வாசிக்க வேண்டும். அதே நேரம், துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த நாயிடம் அந்த 9 விழுக்காடு எந்த நொடியில் விழித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டைத் தத்துக் கொடுக்குமுன், வாய்க்கூடு மாட்டி, கயிற்றில் பிடித்து, ஒரு பூனையைக் காட்டிச் சோதிப்பதுண்டு. கூப்பிட்டால் நாய் முகத்தைத் திருப்புகிறதா என்பதே கேள்வி. திரும்பாமல், இமைக்காமல், கழுத்து விறைத்து நின்றால் அந்த நாய்க்குப் பூனை இல்லாத வீடு பார்ப்பார்கள். பெண் பார்க்கும் படலத்திலும் இத்தனை நேர்மை கிடையாது.

எனவே வளர்ந்த சிப்பிப்பாறை இருக்கும் வீட்டுக்குப் பூனைக்குட்டியைப் புதிதாகக் கொண்டுவருவது ஆராய்ச்சி ஆகாது, விஷப்பரீட்சை. கொண்டுவந்தே தீருவேன் என்பவர்கள் சில வாரம் தனி அறையில் வைத்து, ஒன்றின் படுக்கைத் துணியை மற்றதுக்கு முகரக் கொடுத்து, பிறகு நாயைக் கயிற்றில் பிடித்தபடி காட்டலாம். பூனை தாவி ஏறிக்கொள்ள அலமாரியோ ஃப்ரிட்ஜ் தலையோ காலியாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் பழகிவிட்டாலும் தெருவில் சந்திப்பு வேண்டாம்.

ஆய்வின் எல்லைகள் சில. 2005இல் அஞ்சல் தலையிலேயே இடம்பிடித்த ராஜபாளையம் நாயையும் சேர்க்க எண்ணியதுண்டு. அவ்வினத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. பார்த்த நாய் பூனையைப் பொறுத்துக்கொண்டதா, அது சீறியதே காதில் விழவில்லையா என்று பிரித்தறிய வழியில்லாமல் அத்தரவு நீக்கப்பட்டது. தேனி மாவட்டத்துக் கோம்பை காவலுக்குப் பேர்போனது. அந்நாய் வளர்க்கும் ஒரு வீட்டின் கேட்டைத் தாண்ட ஆய்வாளரால் முடியவில்லை. வெளியே நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பூனை கேட்டுக்கு அடியில் நுழைந்து, குரைத்துக்கொண்டிருந்த நாயைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போயிற்று. நாய் ஆய்வாளரை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.