இலவசத் திரையிடலில் படம் பிடித்துப்போதல்: அய்யலூர்ப் பார்வையாளரை முன்வைத்து ஒரு விசாரணை

பல்கலைக்கழக வளாகத்தில் இனாமாகக் காட்டப்படும் சுயாதீனப் படம், பார்க்க வந்தவருக்கு அவர் சம்மதம் இல்லாமலேயே பிடித்துப்போவது ‘எதிர்பாராப் பிடிப்பு’ எனப்படும். காசு கொடுத்துப் பார்த்த படம் பிடித்துப்போவது இதில் சேராது. அது பெரும்பாலும் கொடுத்த காசுக்குச் செய்யும் மரியாதை. வருகைப் பதிவுக்காக உட்கார வைக்கப்பட்ட மாணவரின் ரசனையும் இங்கே கணக்கில் வராது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வியாழன்தோறும் ஆட்டுச் சந்தை கூடும் அய்யலூரில் இது செல்லாது. அங்கே வாயைப் பிளந்து பார்க்காமல் விலை பேசுவதில்லை. இரண்டு பல் போட்டிருக்கிறதா, நாலு பல்லா என்பதில் வயசு இருக்கிறது. வயசில் விலை இருக்கிறது. ஒருவர் கிடாயை இனாமாக நீட்டினால் எழும் முதல் கேள்வி, “இதுக்கு என்ன சீக்கு?” என்பதே. இலவசப் படத்தையும் அய்யலூர்க்காரர் இதே கண்ணோடுதான் பார்க்கிறார். ஆய்வுக்கு இவரைவிடக் கறாரான மாதிரி கிடைப்பது அரிது.

அய்யலூரிலிருந்து வடமதுரை வழியாகத் திண்டுக்கல் வந்து, பஸ் மாறி, சின்னாளபட்டிப் பக்கம் போனால் காந்திகிராமம். அங்கே 1956-இல் தொடங்கிய கிராமிய நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கோ வேறெங்கோ, மகளுக்குச் சான்றிதழ் வாங்க மச்சானோடு வளாகத்துக்குள் நுழைபவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மின்விசிறி சுற்றும் கூடத்தைத் தேடுவது இயல்பு. அந்தக் கூடத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தால் அவர் உள்ளே உட்காரலாமா? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. கல்வி நிறுவனம் தன் பணிகளின் ஊடே காட்டும் படத்தை ஆசிரியர், மாணவர், மாணவரின் பெற்றோர், காப்பாளர், நிறுவனப் பணியோடு தொடர்புடையோர் மட்டும் பார்த்தால் அது உரிமை மீறல் ஆகாது. ஆகவே தகப்பன் சட்டப்படியான பார்வையாளர். மச்சானின் நிலை வாதத்துக்குரியது.

இருவரும் கடைசி வரிசையில், வாசலை ஒட்டிய நாற்காலிகளையே பிடிப்பார்கள். செருப்பைக் கழற்றி, ஒரு காலை மட்டும் அதன்மேல் வைத்திருப்பார்கள். இது கிளம்புவதற்கான ஆயத்தம். திரையின் நடுவே மடிக்கணினியின் அம்புக்குறி அசையாமல் நிற்கும். அதை நகர்த்த ஒருவர் ஓடுவார். இந்தக் கட்டத்தில் எழுந்து போனவர்களைப் பற்றி ஆய்வுக்குத் தகவல் இல்லை.

உதாரணத்துக்கு, திரையில் ‘கூழாங்கல்’ ஓடுவதாகக் கொள்ளலாம். பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய இப்படம் 2021-இல் ரோட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது என்று அறிமுக உரையில் சொல்லப்படும்போது கடைசி வரிசையில் சலனம் இருக்காது. கோபக்காரத் தகப்பனும் பள்ளிக்கூடச் சிறுவனும் வெயிலில் நடக்கிறார்கள். 75 நிமிடப் படத்தில் பெரும்பகுதி அதுதான். வெயிலைப் பார்க்கத் திண்டுக்கல்காரருக்குப் படம் எதற்கு என்ற ஆட்சேபம் சரியானதே. ஆனால் சிறுவன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்ளும் இடம் வருகிறது. ஆட்டின் வாயைப் பார்த்தே பழகிய கண் அந்த வாயை விட்டு நகர மறுக்கிறது. செருப்பின் மேலிருந்த கால் தரைக்கு வருகிறது. எதிர்பாராப் பிடிப்பின் முதல் அறிகுறி இதுவே.

காரணம் எளிது. டிக்கெட் வாங்கியவர் காசு வீணாகுமே என்று உட்கார்ந்திருப்பார். இனாமாக வந்தவருக்கு எழுந்து போக எந்தத் தடையும் இல்லை. இருந்தும் அவர் உட்கார்ந்திருந்தால் அதற்குப் படத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது. (மின்விசிறி நின்றபின் செய்யும் கணக்கே துல்லியமானது.) கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் நிதி திரட்டி ‘அம்ம அறியான்’ படத்தை 1986-இல் முடித்தபோது நம்பியது இத்தகைய பார்வையாளரைத்தான். 1998 முதல் மதுரையில் ஆவணப்பட இயக்குநர் அமுதன் முன்னின்று நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழாவும் அவரை நம்பியே நடக்கிறது.

பிடிப்பை அளக்கும் அலகு, தவறவிட்ட பஸ். ஒரு பஸ் போனால் ‘பரவாயில்லை’. இரண்டு போனால் ‘நல்ல படம்’. படம் முடிந்தபின் நடக்கும் கலந்துரையாடலில் கேள்வி என்று தொடங்கிச் சொற்பொழிவாற்றும் ஒருவரையும் தாங்கி உட்கார்ந்திருப்பது மூன்றாம் நிலை. அதற்குமேல் அளவுகோல் கிடையாது.

ஊர் திரும்பியபின் டீக்கடையில் தரப்படும் வாக்குமூலம் எப்போதும் சுருக்கமானது. “கதையெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. கடைசில ஒரு பொம்பள குழிக்குள்ள எறங்கி ஊத்துத் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துது. குடம் ரொம்புற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தோம்.” சான்றிதழ் என்னவாயிற்று என்று கேட்டால், கவுன்ட்டரை மூடிவிட்டார்கள், நாளைக்குப் போக வேண்டும் என்பது பதில். மச்சானும் துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.