வழி சொல்வது கடிகாரம்

கே: ஜி.பி.எஸ். வழி காட்டுது, சரி. மணி பார்க்கிற வேலை அதுக்கு எதுக்கு?
– லாரி ஓட்டுநர், சங்ககிரி

ப: அது பார்ப்பதே மணியைத்தான் அண்ணே! ஒவ்வொரு செயற்கைக்கோளும் ‘நான் இருப்பது இங்கே, இப்போது மணி இன்னது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி உங்கள் கருவிக்கு வந்துசேர ஆன நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகிறது. நாலு கோள்களின் தூரம் கிடைத்தால் வண்டி நிற்கும் இடம் தெரிந்துவிடும். சேதி ஒளியின் வேகத்தில் வருகிறது. அதனால் வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தப்பும்.

கே: போர் பாயின்ட்டை செல்போனில் குறித்துவைத்தேன். மறுநாள் மூணு மீட்டர் தள்ளிக் காட்டுது. கடிகாரக் கோளாறா?
– ரிக் வண்டி மேனேஜர், திருச்செங்கோடு

ப: அதில் கடிகாரத்தின் பங்கு கொஞ்சம்தான். வானத்து அயனி மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்துகிறது; மரத்திலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் சிக்னல் இன்னும் குழப்புகிறது. செல்போனில் குறித்தாலும் ஒரு கல்லை நட்டு, சுண்ணாம்பில் வட்டம் போட்டுவிட்டு வாருங்கள். ஒரு குழிக்கு ஆகும் செலவு விவசாயியின் ஒரு வருடச் சேமிப்பு.

கே: உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடுமாமே?
– ஆசிரியை, ஆத்தூர்

ப: ஓடும் டீச்சர். ஐன்ஸ்டைன் சொன்னதுதான். ஜி.பி.எஸ். கோளின் கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளுக்கு 38 மைக்ரோவினாடி முந்தும். அதைத் திருத்தாமல் விட்டால் பிழை நாளுக்கு 11 கிலோமீட்டர் வளரும். நாமக்கல்லில் நிற்கும் வண்டியை மறுநாள் புதன்சந்தைப் பக்கம் காட்டும்! அதனால் ஏவும் முன்பே கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக வைத்து அனுப்புகிறார்கள்.

கே: நம் நாட்டு வழிகாட்டிக் கோள்களுக்கான கடிகாரத்தை நாமே செய்யணுமா? சுவிட்சர்லாந்திலேயே வாங்கினால் போதாதா?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

ப: வாங்கித்தான் பார்த்தோம். 2013 ஜூலை 1-இல் ஏவிய நம் முதல் வழிகாட்டிக் கோளில் இருந்த மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் அங்கே வாங்கியவை. மூன்றும் நின்றுபோயின. கோள் உயிரோடு இருந்தும் இடம் சொல்லும் வேலைக்கு உதவவில்லை. மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியதோ வெப்பக்கவசம் பிரியாமல் உள்ளேயே சிக்கியது. 2018 ஏப்ரலில்தான் அடுத்தது போய்ச் சேர்ந்தது.

ரூபிடியம் கடிகாரம் வினாடிக்கு 683 கோடிக்கும் மேலான அதிர்வை வைத்து நேரத்தைப் பிடிப்பது. அதை அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் நம்மவர்களே செய்தார்கள். 2023 மே 29-இல் என்.வி.எஸ்-01 கோளில் ஏறியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. 2025 ஜனவரியில் போன என்.வி.எஸ்-02, வால்வு திறக்காததால் உரிய சுற்றுப்பாதைக்கு உயரவில்லை. அந்த வருத்தமும் இருக்கிறது. ஆனாலும் செய்முறை நம் கையில் இருந்தால் பழுதையும் நாமே திறந்து பார்க்கலாம். விலைக்கு வாங்கியதில் அது முடியாது.

கே: இந்த வேலைக்குப் போக என்ன படிக்கணும்?
– பிளஸ் டூ மாணவி, ராசிபுரம்

ப: இயற்பியலையும் கணக்கையும் விடாதேம்மா. திருவனந்தபுரம் ஐ.ஐ.எஸ்.டி. விண்வெளித் துறையின் கல்லூரி, அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். இந்த வருடமே எழுது.