ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்டு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மேன்மை தங்கிய இந்திய மறுவாழ்வு மன்றத்தார், புது தில்லி.
அனுப்புநர்: மனுதாரர், பேகம்பேட், ஹைதராபாத்.

பெருமதிப்பிற்குரியீர்,

பேகம்பேட்டில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவரும், தங்கள் மத்தியப் பதிவேட்டில் பெயர் உள்ளவரும், ஸ்பீச் தெரபிஸ்ட்டும் ஆடியாலஜிஸ்ட்டுமான மனுதாரர் பணிவுடன் எழுதிக்கொள்வது. கடந்த மார்ச் 3, உலகச் செவித்திறன் நாளன்று நடந்த ஒரு சுபகாரியத்தைத் தங்கள் காதில் போட்டுவைக்க விரும்புகிறார். காதில் போடுவதுதானே அவருடைய பிழைப்பு.

அடுக்ககத்தின் விழாக் கூடத்தில் இலவசக் காது பரிசோதனை முகாம். சத்தம் குறைந்த அறை வேண்டும் என்று மனுதாரர் கேட்டதற்கு, லிஃப்டுக்குப் பக்கத்துச் சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். காலை எட்டு மணி முதல் இரண்டு மணி வரை, உடைந்த நாற்காலிகளுக்கும் கொலுப் படிகளுக்கும் நடுவே, நாற்பத்தொரு பேருக்கு ஹெட்போன் மாட்டினார். “சின்னச் சத்தம் கேட்டாலும் விரலைத் தூக்குங்க, தாத்தா.” தாத்தா, சத்தம் வந்தாலும் தூக்குவார், வராவிட்டாலும் தூக்குவார்; பெண்பிள்ளை இவ்வளவு சிரமப்படுகிறாளே என்ற மரியாதை. போதாததற்கு, “இப்ப கேட்டுச்சு, தூக்குங்கோ” என்று பாட்டி பக்கத்திலிருந்து தொடையைத் தட்டுவார். மாடியில் குக்கர் விசிலடித்தால் எல்லாம் முதலிலிருந்து.

இரண்டரை மணிக்கு மேடை. பேனரில் மூன்று முகங்கள். மூன்றாவது முகம் “டாக்டர்”. பிளஸ் டூ முடித்து, கம்பெனி கொடுத்த மூன்று நாள் பயிற்சியோடு காது மிஷின் விற்கும் இளைஞர். நல்ல பிள்ளைதான், சிரித்த முகம். அவருக்குச் சால்வை, நினைவுப் பரிசு, கைதட்டல். சங்கச் செயலாளர் மனுதாரர் பக்கம் திரும்பி, “மிஷின் மேடம், கொஞ்சம் இந்தத் தட்டைப் பிடிச்சுக்கிறீங்களா?” என்றார். சால்வை இருந்த தட்டு அது. மனுதாரர் பிடித்துக்கொண்டார்.

இதில் மன்றத்தாரை நோவதற்கு ஒன்றுமில்லை. தாங்கள்தான் எப்போதோ ஏற்பாடு செய்துவிட்டீர்களே! 1986இல் சங்கமாகப் பிறந்து, 1992ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டத்தால் அதிகாரம் பெற்று, 1993 ஜூனில் சட்டபூர்வமாகக் கொலுவேறிய தங்கள் சபைக்கு மறுவாழ்வுப் பணியாளர் யார் யார் என்று பட்டியல் போட்ட அந்தச் சட்டம், முதல் வரியிலேயே ஆடியாலஜிஸ்ட்டையும் ஸ்பீச் தெரபிஸ்ட்டையும்தான் வைத்தது. பதிவு இல்லாதவர் இந்தத் தொழிலைச் செய்தால் 13ஆம் பிரிவு பாயும்: ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் “வரை”. தவறிப்போய் ஆயிரத்து ஒன்று வாங்கிவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்ற கருணை அந்த ஒரு சொல்லில் ததும்புகிறது.

ஆயிரம் ரூபாயின் மகிமையை மனுதாரர் ஆராய்ந்து பார்த்தார். சட்டம் வந்த 1992இல் ஆயிரம் ரூபாய் நோட்டே புழக்கத்தில் கிடையாது. 1978இல் மொரார்ஜி அரசு செல்லாது என்று அறிவித்திருந்தது. 2000இல் நோட்டு திரும்பி வந்தது. அதே ஆண்டு தங்கள் சட்டத்துக்கும் திருத்தம் வந்தது. அபராதம் அப்படியே நின்றது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு நோட்டு மறுபடியும் காலமானது. நோட்டு வந்தது, போனது. அபராதம் மட்டும் மார்க்கண்டேயன் மாதிரி என்றும் பதினாறாக இருக்கிறது.

பேகம்பேட்டுக்கு இந்த மாதிரிக் கணக்குகள் புதிதல்ல. 1897 ஆகஸ்டில் இங்கேதான் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். கொசுக்களுக்குத் தன் உடம்பைக் காட்டிய நோயாளி உசேன் கானுக்குக் கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. அந்தக் கணக்கில் தங்கள் ஆயிரம் ரூபாய்க்குப் பதினாறாயிரம் கொசுக்கள் கிடைக்கும். ராஸுக்கு 1902இல் நோபெல் பரிசு. அவர் பெயரில் இன்றும் இங்கே ஒரு கட்டடம் நிற்கிறது. உசேன் கான் தட்டைப் பிடித்துக்கொண்டவர்.

மனுதாரர் படித்தது நான்கு ஆண்டுப் பட்டம், அதில் ஓராண்டு பயிற்சிப் பணி. பிறகு முதுகலை இரண்டாண்டு. நாட்டில் இந்தப் படிப்பு நேற்று முளைத்ததல்ல. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் தொடங்கியது 1965இல். ஆனாலும் மேல் வீட்டு மாமி அவரை “ஸ்பீச் டீச்சர்” என்றே அழைக்கிறார்; பேத்திக்குக் குடியரசு தினப் பேச்சுப் போட்டிக்கு ஏற்ற இறக்கம் சொல்லிக்கொடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார். பக்கவாதம் வந்தவரின் படுக்கையருகே நின்று, தொண்டையில் இரண்டு விரலை வைத்து, ஒரு டீஸ்பூன் தண்ணீர் உள்ளே இறங்கும்போது குரல்வளை எழும்புகிறதா, பிறகு “ஆ” என்றால் குரலில் ஈரம் கேட்கிறதா என்று பார்ப்பதும் இந்த “டீச்சர்”தான். ஈரம் கேட்டால், தண்ணீர் நுரையீரல் பக்கம் வழி தவறியிருக்கலாம் என்று அர்த்தம். அன்று வாய் வழிச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டும். மாமியிடம் இதைச் சொன்னால், “முழுங்கறதுக்குமா டியூஷன்?” என்கிறார்.

மாமியை விடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் பட்டியலில் 2264 பிசியோதெரபிஸ்ட். 2265 டயட்டீஷியன். 2267 ஆப்டோமெட்ரிஸ்ட். நடுவே 2266, ஆடியாலஜிஸ்ட்டும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும். 2021இல் சுகாதார அமைச்சகம் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து, தேசிய ஆணையம் என்று பந்தி விரித்தது. 2264க்கு இலை. 2265க்கு இலை. 2267க்கு இலை. 2266இடம் மட்டும், “உங்களுக்குத்தான் சமூக நீதி அமைச்சகத்தில் தனி வீடு இருக்கிறதே” என்று சொல்லிவிட்டார்கள். வேலை மருத்துவமனையில், வீடு வேறு அமைச்சகத்தில். 2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்ட்டுகள் பெயருக்கு முன்னால் “டாக்டர்” போடக் கூடாது என்று சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் ஒரு நாள் கடிதம் போட்டு, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. மனுதாரருக்குப் பொறாமை. போடாதே என்று சொல்லவாவது அவர்களுக்கு ஒரு கடிதம் வந்ததே!

முகாம் முடிந்து தட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு ரசூல்புராவிலிருந்து ஒரு தாய் வந்தாள். இடுப்பில் நாலு வயதுப் பையன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு கடையில் “டாக்டர்” பெட்டி மிஷின் ஒன்றைக் கொடுத்து, மாட்டினால் பேச்சு வந்துவிடும் என்றாராம். டெஸ்ட்? கைதட்டிப் பார்த்தாராம். தெரபி? அப்படி ஒன்று உண்டென்றே அவளுக்குத் தெரியாது. பிறந்த ஒரு மாதத்தில் பரிசோதனை, மூன்று மாதத்தில் கண்டுபிடிப்பு, ஆறு மாதத்தில் சிகிச்சை என்பது உலகம் ஒத்துக்கொண்ட கணக்கு. இந்தப் பையனுக்கு நாலு வயது. “அம்மா” வரவில்லை. மொழி குடியேற வேண்டிய வருஷங்கள் கடைக்காரனின் கல்லாவில் போய்விட்டன. அவை திரும்ப வராது. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் வராது. இதற்கு விலை ஆயிரம் ரூபாய் என்று எழுதியவர்களும், அதை இத்தனை வருஷம் திருத்தாமல் வைத்திருப்பவர்களும் ஒரே ஒரு நாள் அந்தப் பையன் எதிரில் உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மன்னிக்க வேண்டும். மனுதாரருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. குரல் ஓய்வு பற்றி ஊருக்கெல்லாம் சொல்பவர்.

அரசின் தாராளத்தைக் குறை சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி கொடுக்க 2014இல் சீரமைத்த ஏடிஐபி திட்டத்தில், அறுவை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி ஒன்றுக்கு 6 லட்சம் ரூபாய் வரை அனுமதித்தார்கள். இங்கேயும் “வரை”தான், ஆனால் எத்தனை கம்பீரமான “வரை”! அதற்கு முன்பே, 2007இல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ மருத்துவத் திட்டம் இந்த மாநிலத்துக் குழந்தைகளுக்கு அந்த அறுவைச் சிகிச்சையைக் கொடுத்தது. அறுவை சில மணி நேரம். அதன் பிறகு கருவியை இயக்கி, மேப்பிங் செய்து, மின்துடிப்பைச் சத்தமாகவும் சத்தத்தைச் சொல்லாகவும் குழந்தை பிரித்தறியப் பழக்குவதற்கு மாதங்கள், வருஷங்கள். பத்திரிகைப் படத்தில் அமைச்சர், சர்ஜன், குழந்தை இருப்பார்கள். கருவியை இயக்கியவரின் முழங்கை ஓரமாகத் தெரியும்.

பிரிட்டனில் “ஸ்பீச் அண்ட் லாங்குவேஜ் தெரபிஸ்ட்” என்ற பெயரே சட்டக் காப்பில் இருக்கிறது. பதிவு இல்லாதவர் பலகையில் எழுதக் கூடாது. அங்கே காது மிஷின் விற்பவரும் அதே பதிவேட்டில் இருந்தாக வேண்டும். வெள்ளைக்காரனுக்குக் கல் நெஞ்சு.

ஆகவே மனுதாரரின் வேண்டுதல் சிறியது. அபராதத்தை உயர்த்தும்படி அவர் கேட்கவில்லை. அதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டும், அங்கே ஏற்கெனவே சத்தம் அதிகம். முகாமில் சால்வை பெற்ற டாக்டர் அவர்களின் சார்பில், வரப்போகும் அபராதத்தை மனுதாரரே முன்பணமாகச் செலுத்த விரும்புகிறார். டாக்டருக்கு நேரம் இருக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூகட்பல்லியில் அடுத்த முகாம். பெற்றுக்கொண்டதற்கு ரசீது அனுப்பவும். அதில் செலுத்தியவரின் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தால், தங்கள் பதிவேட்டில் உள்ள முழுப் பெயரையும் எழுதவும். இடம் போதவில்லை என்றால் மறுபக்கத்தில் தொடரலாம்.

இப்படிக்கு,
மிஷின் மேடம்

இணைப்பு: ஐந்நூறு ரூபாய் நோட்டு, இரண்டு.