மொய்ங்காவில் மீன் காணாமற்போனது குறித்து ஓர் ஆய்வு

தமிழகப் பல்கலைக்கழகங்கள் சங்க இலக்கியத்து விருந்தோம்பலைக் கரைத்துக் குடித்துவிட்டன. ஆனால் பர்மிய நூடுல்ஸ் விற்கும் அத்தோ வண்டியில் கொதிக்கும் வாழைத்தண்டு சூப்பை எட்டிப்பார்க்க எந்தத் துறைத் தலைவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அந்தக் குறையைப் போக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, இவ்வாய்வாளர் ஏற்கிறார்.

முதலில் சிக்கலை வரையறுப்போம். பர்மாவில் மொய்ங்கா என்பது காலை உணவு. கெளுத்தி மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, இஞ்சி, எலுமிச்சைப்புல், வாழைத்தண்டு சேர்த்து, கடலை மாவு கரைத்துக் கொதிக்கவிட்டு, அரிசி சேமியாமேல் ஊற்றித் தருவார்கள். மீன்தான் அதன் உயிர். அதே மொய்ங்கா கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. செகண்ட் லைன் பீச்சில் தொடங்கி ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வரை பரவியது. வாழைத்தண்டு இருக்கிறது, மாவு இருக்கிறது, வேளை மட்டும் காலையிலிருந்து அந்திக்கு மாறியிருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் மீன் இல்லை. காணாமற்போன இடம் எது? காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரம்! மீன் கிடைக்காத பாலைவனத்தில் போயிருந்தால் ஆய்வுக்கே வேலையில்லை.

வரலாற்றுப் பின்னணி சுருக்கமாக: 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார், 1964இல் கடைகள் அரசுடைமையாயின, தலைமுறைகளாக அங்கிருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பிழைப்புக்கு 1969இல் பர்மா பஜார் வந்தது. வியாசர்பாடி, எர்ணாவூர்ப் பக்கம் குடியிருப்புகள் வந்தன. நகை நட்டைக் கொண்டுவர விடவில்லை. கைப்பக்குவத்தைச் சோதனையிட எந்தச் சுங்க அதிகாரிக்கும் தெரியவில்லை.

இனி கருதுகோள்கள். மீன் விலை அதிகம், வாழைத்தண்டு மலிவு என்பது பொருளாதாரக் கருதுகோள். இதைச் சொல்பவர்கள் காசிமேட்டில் ஏலம் முடிகிற நேரத்தில் நின்று பார்த்ததில்லை. பொடி மீனைக் கூறு கட்டிக் கூவிக் கூவித் தள்ளிவிடுவார்கள். சூப்புக்கு அதுவே தாராளம். அடுத்தது, சற்றே கௌரவமான நன்னீர்க் கருதுகோள். மொய்ங்காவுக்குப் போடும் கெளுத்தி ஆற்று மீன். கடல் மீனிலேயே வளர்ந்த ராயபுரத்துக்காரர் முன்னால் ஏரி மீன் என்று சொல்லிப் பாருங்கள். "அது இன்னா மீனு? சேத்து வாடை அடிக்கும்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். சரி, கெளுத்தி வேண்டாம், சங்கராவைப் போட்டிருக்கலாமே? இந்தக் கேள்வியில் அந்தக் கருதுகோளும் கவிழ்கிறது.

ஆகவே கள ஆய்வு. வண்டிக்காரர் கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டியிருக்கிறார். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி அள்ளிப் போடுகிறார். சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எண்ணெய். கடைசியில் ஒரு தட்டையை உள்ளங்கையில் வைத்து நொறுக்குகிறார். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது என் கணிப்பு. பிறகு ஐந்து விரலாலும் பிசறல். பக்கத்தில் அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் காரமும் அடைத்து நீட்டுகிறார்கள். அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துத் தின்பவர் வெளியூர்.

இங்கேதான் தடயம் சிக்கியது. முட்டை வேண்டுமா என்று கேட்கிறார்கள். சிக்கன் அத்தோ கேட்டால் சிக்கனைத் தனியாகச் சேர்க்கிறார்கள். மொய்ங்கா சூப்பை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை, எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றுகிறார்கள். அன்று அந்த வண்டியைச் சுற்றி நின்றவர்கள்: சௌகார்பேட்டையிலிருந்து வந்த ஜைன இளைஞர், துறைமுகத் தொழிலாளி, சபரிமலைக்கு மாலை போட்ட நண்பனை இழுத்து வந்த ஒருவர். இத்தனை பேரையும் ஒரு கரண்டியில் கட்டிப்போடும் சூப்பில் மீன் நீந்த முடியுமா? எனவே இவ்வாய்வாளர் முன்மொழிவது 'கழற்றக்கூடிய அசைவம்' என்னும் கோட்பாடு. நம் தெருவில் அசைவம் ஒதுக்கிவைக்கத் தக்கதாக இருக்க வேண்டும். வேறு சான்று வேண்டுமா? குஸ்கா. பிரியாணி அண்டாவிலிருந்தே அள்ளினாலும் துண்டு இல்லையென்றால் மனசாட்சி சமாதானமாகிறது. (குஸ்காவைச் சைவம் என்று வாதிடும் நண்பர் எனக்குண்டு. அவரோடு வாதாடி வென்றவர் இல்லை.) ஜப்பானில் நேர் எதிர்: காயவைத்த மீன் சீவல் ஊறிய சாறுதான் அடிப்படை, துண்டு கண்ணில் படாவிட்டாலும் மீன் உள்ளே இருக்கும்.

வெள்ளிக்கிழமைதான் இக்கோட்பாட்டின் உச்சம். திருவொற்றியூரில் வடிவுடையம்மனைக் கும்பிட்டு வருபவருக்கு மீன் ஆகாது. ராயபுரம் புனித பேதுரு ஆலயப் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு, தவக்கால வெள்ளியில் இறைச்சிதான் விலக்கு, திருச்சபை விதிப்படி மீன் தடையில்லை. ஜும்மா முடித்து வருபவர் வீட்டில் அன்றுதான் பிரியாணி. ஒரே கிழமைக்கு மூன்று சட்டம். மூன்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது வாழைத்தண்டு.

இந்த முடிவோடு கட்டுரையை மூடியிருப்பேன். எர்ணாவூர் பர்மா நகரில் ஓர் ஆயா குறுக்கிட்டுவிட்டார். "மீன் போடாம மொய்ங்காவா? அது கடைக்குப் பண்றதுப்பா. வூட்டுக்குன்னா மீன் போட்டுத்தான் பண்ணுவோம்."

"என்னைக்குப் பண்ணுவீங்க ஆயா?"

"ஞாயித்துக்கிழமதான். வெள்ளிக்கிழம யாராவது மீன் தொடுவாங்களா?"

கோட்பாடு பிழைத்தது. அடுத்து, எந்த மீன் என்று கேட்டேன். "கெளுத்தி கெடச்சா கெளுத்தி. நீ வாங்கியாந்தா வஞ்சிரமே போட்டுக் காட்டறேன்" என்றார். வஞ்சிரம் கிலோ என்ன விலை என்பதைக் குறிப்பிட்டு, ஆய்வு நிதி கோரி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.